வெள்ளை மலைகளில் குளிர்கால ஏற்றம்

கணவனும் மனைவியுமாக விடியுமுன் எழுந்து, மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, காலிலே அகன்ற பின்னல் சட்டங்களைக் கட்டிக்கொண்டு, முழங்கால் அளவு பனியை மிதித்து வழி உண்டாக்கிக்கொண்டே சிகரத்துக்கு ஏறி, ஐந்து நிமிஷம்கூட நிற்கவிடாத காற்றில் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வீடு வந்து சேரும் ஒரு வழக்கம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. இதனால் லௌகிக லாபம் ஒன்றும் இல்லை. உச்சியில் கோயிலோ தீர்த்தமோ இல்லையாதலால் புண்ணியமும் இல்லை. ஆயினும் இத்தகைய பிரயோஜனமற்ற காரியங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரயோஜனமுள்ள காரியங்களின் சரித்திரத்தைவிட அது பல சமயங்களில் சுவையாகவே இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் குளிர்கால ஏற்றம் உண்டான கதையில், விடுதிக்காரரின் மனைவி ஒருத்தி, ஜப்தி செய்யப் போன உத்தியோகஸ்தர் ஒருவர், பூகர்ப்ப சாஸ்திரிகள் இருவர், புஸ்தகசாலைத் தலைவர் ஒருவர், கடைசியாக அறுபதையும் எழுபதையும் கடந்த ஒரு தம்பதி ஆகியோர் வருகிறார்கள்.

முதலில் அம்மலைகளின் ஸ்வபாவத்தைச் சொல்ல வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்தால் அவற்றை யாரும் மதிக்கமாட்டார்கள். எல்லாவற்றிலும் பெரியதான வாஷிங்டன் சிகரம் 6,288 அடி. ஐரோப்பாவின் மான்ட் பிளாங்கோ 15,700 அடிக்கும் மேற்பட்டது. ஆனால் மலையின் குணம் உயரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பேரேரிகளின் பக்கத்திலிருந்து கிளம்பும் புயல்களும், அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி வரும் புயல்களும் இந்தப் பிரதேசத்திலே வந்து கூடுகின்றன. மேற்கிலிருந்து தங்குதடையின்றி வரும் காற்று, வடக்குத் தெற்காகக் கிடக்கும் இம்மலைத்தொடரை மோதி, மேலே ஏறி, உச்சியில் நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. 1934-ஆம் வருஷம் ஏப்ரல் 12-ஆம் தேதி, வாஷிங்டன் சிகரத்து வானிலை நிலையத்தில் இருந்தவர்கள் மணிக்கு 231 மைல் வேகமுள்ள ஒரு காற்றை அளந்து குறித்தார்கள். ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள பாரோ தீவில் 1996-இல் ஒரு புயல் அதை வெல்லும்வரை, பூமியின் மீது மனிதன் அளந்த காற்றுகளில் அதுவே முதன்மையானதாக இருந்தது. அதே 1934-இன் ஜனவரியில் அங்கே பாரன்ஹீட் பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரி குளிர் பதிவாயிற்று. ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே மரங்கள் வளர்வதில்லை. அந்த எல்லைக்கருகில் ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள் நெஞ்சளவு உயரத்தில் குறுகி, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, காற்று அடிக்கும் திக்குக்கு முதுகைக் காட்டியபடி கிடக்கும். அதற்குமேல் பாறையும் பனியும் காற்றுமே.

அபெனாக்கி முதலிய பூர்விக ஜனங்கள் வாஷிங்டன் சிகரத்தை அஜியோகோச்சூக் என்று அழைத்தார்கள்; அதன் உச்சி தெய்வத்துக்குரியது என்று எண்ணி விலகியே நின்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1642-இல் டார்பி ஃபீல்ட் என்ற வெள்ளைக்காரர் ஏறினார். அது ஜூன் மாதம். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே எப்போதாவது ஒருவர் இருவர் ஏறிவந்தார்கள். 1820-இல் பக்கத்து லாங்காஸ்டர் ஊர்ப் பிரமுகர்கள் சிலர் ஏறி, பெயரில்லாத சிகரங்களுக்கெல்லாம் ஜனாதிபதிகளின் பெயரைச் சூட்டத் தொடங்கினார்கள். ஆடம்ஸ், ஜெஃபர்ஸன், மாடிஸன், மன்றோ என்று நால்வரைச் சொல்லி முடித்ததும், அன்றைக்கு அந்தத் தேசத்துக்கு அதற்குமேல் ஜனாதிபதிகள் கிடையாதாகையால், மிஞ்சிய சிகரங்களில் ஒன்றுக்கு ஃபிராங்க்ளின் என்றும், மற்றொன்றுக்கு மனோகரம் என்று பொருள்படும் பிளெஸன்ட் என்றும் பெயர் வைத்துத் திருப்தியடைந்தார்கள். அந்தப் பிளெஸன்ட் சிகரத்துக்கு ஐசன்ஹவர் பெயர் வந்தது நம் காலத்துக் கதை.

அந்தப் பிரமுகர்களுக்கு வழிகாட்டி ஏறியவர் ஈதன் ஆலன் கிராஃபர்ட். அவரும் அவர் தந்தை ஏபல் கிராஃபர்டும் 1819-இல் காடு வெட்டி அமைத்த பாதை இன்றும் நடமாட்டத்தில் இருக்கிறது. பிரம்மாண்டமான தேகமுடைய ஈதன், சோர்ந்துபோன விருந்தாளிகளைத் தோளிலே தூக்கி வந்தவர் என்று சொல்லுவார்கள். ஆனால் அவருடைய மனைவி லூசியே என் மனத்தைக் கவர்கிறவர். கணவர் ஊர்பேர் தெரியாதவர்களை எல்லாம் உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்க, விடுதியில் அடுப்பையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், தாமும் ஏறவேண்டுமென்ற ஆசையைப் பல வருஷங்கள் அடக்கி வைத்திருந்து பிறகே நிறைவேற்றிக்கொண்டார். 1846-இல் வெள்ளை மலைகளின் முதல் சரித்திரத்தை எழுதி வெளியிட்டவரும் அவரே. அப்புஸ்தகத்தில் ஒரு விசித்திரம்: எழுதியவர் மனைவி, ஆனால் 'நான்' என்று பேசுகிறவர் கணவர். அவர் வெட்டிய பாதை காடு மூடிப் போகாதபடி பின்னால் வந்தவர்கள் காத்தார்கள். அவர் வாழ்க்கை மறந்து போகாதபடி காத்தது மனைவியின் பேனா.

இவையெல்லாம் கோடைக் காலத்து நிகழ்ச்சிகள். குளிர்காலத்தில் சிகரத்துக்குப் போக வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. 1850-களில் வாஷிங்டன் உச்சியில் கல்லால் கட்டிய விடுதிகள் எழுந்தன. விடுதிகள் எழுந்தால் வருமானமும், வருமானம் வந்தால் வழக்கும் வருவது இயல்பே. அப்படி ஒரு வியவகாரத்தில் உச்சியிலுள்ள சொத்தை ஜப்தி செய்யும்படி உத்தரவாகி, 1858-ஆம் வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதி, டெபுடி ஷெரீஃப் லூஷியஸ் ஹார்ட்ஷார்ன் என்பவர் பெஞ்சமின் ஆஸ்குட் என்ற வழிகாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பனியில் ஏறி, வேலையை முடித்துத் திரும்பினார். வெள்ளை மலைகளின் குளிர்கால ஏற்றச் சரித்திரம் இந்த இருவரிடத்தில் தொடங்குகிறது. வீரத்தாலோ, இயற்கைக் காதலாலோ, ஞான தாகத்தாலோ தொடங்கியதாகச் சொல்ல நமக்கு ஆசைதான். ஆனால் தொடங்கி வைத்தது கோர்ட்டு உத்தரவு.

ஞான தாகம் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தது. சார்லஸ் ஹிட்ச்காக், ஜே. எச். ஹண்டிங்டன் என்ற பூகர்ப்ப சாஸ்திரிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1870–71 குளிர்காலம் முழுவதும் வாஷிங்டன் உச்சியில் ஆள் தங்கி, சீதோஷ்ணத்தையும் காற்றையும் அளக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முந்திய குளிர்காலத்தில் மூசிலாக் என்ற சிறிய மலையில் ஹண்டிங்டனும் கிளஃப் என்ற புகைப்படக்காரரும் தங்கி ஒத்திகை பார்த்துவிட்டிருந்தார்கள். ரயில் பாதை 1869-லேயே உச்சிவரை வந்துவிட்டபடியால் சாமான்களை முன்கூட்டிச் சேர்த்து வைக்க வழி இருந்தது. தந்திக் கம்பி மூலம் உச்சியின் சமாசாரம் தினந்தோறும் கீழே வந்தது. குளிர்காலத்திலும் மனிதன் அங்கே உயிரோடு இருக்க முடியும் என்று ஜனங்களுக்கு நிச்சயமானது அப்போதுதான்.

1876-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இரண்டு கண்டங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. பாஸ்டன் நகரத்தில் எட்வர்ட் பிக்கரிங் என்ற பௌதிகப் பேராசிரியரின் முயற்சியால் அப்பலாச்சியன் மலைக் கழகம் ஸ்தாபிதமாயிற்று. தொடங்கிய சூட்டோடு, இரண்டாம் கூட்டத்திலேயே, ஸ்திரீகளையும் அங்கத்தினராகச் சேர்ப்பதென்று தீர்மானித்தது. லண்டனில் 1857 முதல் இருந்துவரும் ஆல்பைன் கிளப்புக்கு இந்த ஞானோதயம் உண்டாக 1970-கள் வர வேண்டியிருந்தது. அதே ஜனவரியின் கடைசி நாளன்று, ஐரோப்பாவில், இசபெல்லா ஸ்ட்ராட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி, ழான் ஷார்லே என்ற வழிகாட்டி முதலியவர்களுடன் மான்ட் பிளாங்கின் உச்சியை அடைந்தார். குளிர்காலத்தில் அம்மலையை மனிதர் மிதித்தது அதுவே முதல் தடவை. அந்த வருஷம் முடிவதற்குள் அந்தச் சீமாட்டி அந்த வழிகாட்டியையே விவாகம் செய்துகொண்டார். ஜாதி என்ற சொல் இல்லாத தேசத்திலும் எஜமானிக்கும் கூலிக்கு வருகிறவனுக்கும் இடையேயுள்ள தூரம் மான்ட் பிளாங்கைவிட உயரமானதாகவே இருந்திருக்கும். கணவர் ஷார்லே–ஸ்ட்ராட்டன் என்று மனைவியின் குடும்பப் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

வெள்ளை மலைகளுக்குத் திரும்புவோம். மலைக்கழகத்தார் குளிர்காலத்திலும் கூட்டங்கூட்டமாகச் செல்லத் தலைப்பட்டார்கள். அவர்கள் காலில் கட்டிய பின்னல் சட்டங்கள் பூர்விக ஜனங்களின் தேர்ச்சி: ஆஷ் மரத்துச் சட்டத்தை ஆவியில் வளைத்து, பதனிடாத தோலை வாராக அரிந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது, உடலின் பாரம் அகன்ற பரப்பில் பரவுவதால் கால் பனியில் புதைவதில்லை. ஆனால் மலைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக ஏறி முடிக்கும் பைத்தியம் பிறகே வந்தது. அண்டை மாகாணமான நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகளில், மார்ஷல் சகோதரர்களும் அவர்கள் வழிகாட்டி ஹெர்பெர்ட் கிளார்க்கும் நாலாயிரம் அடியைக் கடந்தவை என்று கருதப்பட்ட நாற்பத்தாறு சிகரங்களையும் 1925-இல் முடித்தார்கள். டார்ட்மத் கல்லூரிப் புஸ்தகசாலைத் தலைவர் நதானியேல் குட்ரிச் 1931-இல் வெள்ளை மலைகளுக்கும் அதுபோல ஒரு ஜாபிதா எழுதினார். புஸ்தகங்களுக்கு அட்டவணை எழுதியவருக்கு மலைகள் மட்டும் அட்டவணையின்றிக் கிடப்பது பொறுக்கவில்லை போலும். 1957-இல் மலைக்கழகம் இதற்கென்று ஒரு கமிட்டியை நியமித்து, நாற்பத்தாறு சிகரங்களை அங்கீகரித்து, முடித்தவர்களுக்கு ஒரு துணிச் சின்னமும் தர ஆரம்பித்தது. புது அளவையில் இரண்டு கூடி இப்போது நாற்பத்தெட்டு.

இந்தப் பட்டியலைக் குளிர்காலத்தில் முதன்முதலாக முடித்தவர்கள் யார் என்பதுதான் இக்கட்டுரையின் மையம். மிரியம் ஓப்ரியன் 1898-இல் பிறந்தவர். பிரின் மார் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் படித்தவர். இளமையில் தாயாருடன் ஆல்ப்ஸுக்குச் சென்று மலைப்பித்துக் கொண்ட அவர், 1920-களில் அக்காலத்துச் சிறந்த ஏற்றக்காரர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றார். 1928-இல் மான்ட் பிளாங் டு தாக்குலின் மேலே நிற்கும் 'சைத்தானின் ஊசிகள்' என்ற ஐந்து கூர்முனைகளையும் ஒரே மூச்சில் கடந்த முதல் குழுவில் அவர் இருந்தார். அக்குழுவில் இருந்த மற்றொருவர் ராபர்ட் அண்டர்ஹில். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் தத்துவம் போதித்தவர். வழிகாட்டிகளாக வந்தவர்கள் அர்மான் ஷார்லே, ஜார்ஜ் காஷா என்ற பிரெஞ்சுக்காரர்கள்.

இந்த நிலையில் மிரியத்துக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அது கணிதம் படித்தவருக்கு எழக்கூடிய சந்தேகமே. கயிற்றில் முதலில் போகிறவர்தான் வழியைத் தேர்கிறார், விழுந்தால் மெய்யாக விழுகிறார், வெற்றிக்கும் தோல்விக்கும் பொறுப்பேற்கிறார். பின்னால் வருகிறவர் மேலேயிருந்து பிடிக்கப்பட்ட கயிற்றின் பாதுகாப்பில் ஏறுகிறார். தேர்ந்த ஆண் ஒருவர் கூட இருக்கும்வரை, ஆபத்து வந்ததும் தலைமை அவர் கைக்குப் போய்விடும். ஆதலால் ஒரு பெண் உண்மையாகவே தலைமை வகிக்க வேண்டுமானால், கயிற்றில் ஆணே இருக்கக் கூடாது. இந்த முடிவுக்கு வந்தவர் அதைக் காகிதத்தோடு விட்டுவிடவில்லை. 1929 ஆகஸ்டில் ஆலிஸ் டாமெம் என்ற பிரெஞ்சுத் தோழியுடன் க்ரெப்பான் முனையை ஏறினார். அன்று மாலை, இரண்டு பெண்கள் தனியாக ஏறிவிட்ட பிறகு மானமுள்ள எந்த ஆணும் இனி அதில் கால் வைக்க முடியாதாகையால் க்ரெப்பான் மலையே மறைந்து போய்விட்டது என்று ஒரு பிரெஞ்சு ஏற்றக்காரர் அங்கலாய்த்தது மலையேற்ற உலகத்தில் பிரசித்தம். 1932-இல் அதே தோழியுடன் மாட்டர்ஹார்னும் முடிந்தது.

மறு வருஷம், 1933-இல், மிரியம் ராபர்ட் அண்டர்ஹில்லை மணந்தார்; ஆணில்லா ஏற்றங்களை அத்தோடு நிறுத்திக்கொண்டார். கொள்கை கைவிடப்பட்டது என்று சிலர் வருந்தக்கூடும். அவரோ வருந்தவில்லை, 1956-இல் வெளியான தம் சுயசரிதத்தில், அந்த விளையாட்டும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இந்த ஏற்பாடு அதைவிடச் சிறந்தது என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். கணவரும் லேசுப்பட்டவர் அல்லர். கயிற்றை முறையாகக் கையாளும் ஐரோப்பிய வித்தையை 1931-இல் கலிபோர்னியக்காரர்களுக்குக் கட்டுரை மூலமும் நேரிலும் கற்பித்து, அதே வருஷம் அவர்களுடன் விட்னி மலையின் கிழக்கு முகத்தை முதல் தடவையாக ஏறியவர். மலைக்கழகத்தின் 'அப்பலாச்சியா' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் அதே பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு மனைவிக்கும் வந்தது. முப்பதுகளில் இருவரும் மொண்டானா, ஐடஹோ மலைகளில் வரைபடம் சரியாக இல்லாத இடங்களையெல்லாம் சுற்றினார்கள். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. வயது ஏற ஏற, செங்குத்துப் பாறைகளுக்கான காலம் கடந்தது. பிற்காலத்தில் அவர்கள் குடியிருந்த ராண்டால்ஃப் என்ற சிற்றூர் மாடிஸன், ஆடம்ஸ், ஜெஃபர்ஸன் சிகரங்களுக்கு நேர் வடக்கே, அவற்றின் காலடியில் இருக்கிறது.

அங்கேதான் நாற்பத்தாறு சிகரங்களையும் குளிர்காலத்தில் ஏறுவது என்ற யோசனையை அவர்கள் வரித்துக்கொண்டார்கள். டிசம்பரில் சூரியன் தென்கோடி சேரும் கணம் முதல் மார்ச்சில் இரவும் பகலும் சமமாகும் கணம் வரைக்கும் உள்ள காலமே குளிர்காலம். பனி எவ்வளவு கிடந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் ஏறியது கணக்கில் சேராது. மணியும் நிமிஷமும் பார்த்து நிச்சயிக்கும் இந்த விதி இன்றும் மலைக்கழகத்தின் விதியாக இருக்கிறது. முகூர்த்தம் பார்க்கும் நம்மவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குளிர்கால ஏற்றத்தின் கஷ்டம் உச்சியில் அன்று, காட்டிலே இருக்கிறது. புதுப் பனி விழுந்த பாதையில் முன்னால் போகிறவர், ஒவ்வோர் அடிக்கும் சட்டத்தைப் பனிக்கு மேலே தூக்கி, முன்னே வைத்து, உடல் பாரத்தை மெல்ல இறக்கி அமுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் வேர்த்துவிடும். வேர்த்த உடை நின்றால் குளிரில் விறைக்கும். ஆகையால் வேர்க்காத வேகத்தில் போகத் தெரிவதே இந்த வித்தையின் பாதி. பின்னால் வருகிறவருக்கு அந்தச் சிரமத்தில் ஒரு பங்குதான். பத்துப் பேர் போனால் முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். இருவர் மட்டும் போனால் பாதி மலை ஒருவர் காலிலும் பாதி மலை மற்றவர் காலிலும் ஏறுகிறது. மரஎல்லைக்கருகே வேறோர் ஆபத்து. குட்டை மரங்களை முழுக்க மூடிவிட்ட பனி, பார்வைக்குச் சமதரை போலத் தோன்றும். அடியிலே கிளைகளுக்கு இடையில் வெற்றிடம் இருக்கும். கால் வைத்ததும் பனி உள்வாங்கி, மனிதர் மார்பளவு இறங்கிவிடுவார். பின்னல் சட்டமோ கீழே கிளைகளில் சிக்கிக்கொண்டு மேலே வர மறுக்கும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. அப்போது வெளியேற்ற, கைகொடுக்க, ஒருவர் வேண்டும். மரங்களைக் கடந்தபின் பின்னல் சட்டத்தைக் கழற்றி, பூட்ஸின் அடியில் கிராம்பான் என்ற இரும்பு முட்களைப் பூட்ட வேண்டும். கையுறையோடு வாரை மாட்ட முடியாது, கையுறையைக் கழற்றினால் விரல் சொன்னபடி கேட்காது. வழிகாட்டும் கற்குவியல்கள் மேல், காற்று வரும் திசையை நோக்கி இறகு இறகாக உறைபனி வளர்ந்து, கல்லெது பனியெது என்று தெரியாதபடி நிற்கும்.

எல்லாச் சிகரமும் இப்படிக் கம்பீரமானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெமிஜிவாசெட் வனத்தின் நடுவிலிருக்கும் ஆந்தைத்தலைச் சிகரம் நாலாயிரம் அடியைச் சொற்பமாகத் தாண்டுகிறது. மேலே மரங்கள் அடர்ந்திருப்பதால் காட்சியும் சிலாகிக்கும்படி இல்லை. ஆனால் போய்வர ஏறத்தாழப் பதினெட்டு மைல். அந்த வனத்தை மர வியாபாரிகள் ரயில் போட்டு வெட்டி மொட்டையடித்திருந்தார்கள். கடைசி மர ரயில் 1940-களின் இறுதியில் நின்றபின், தண்டவாளம் பெயர்க்கப்பட்ட அதே மேடுதான் நடப்பவர்களுக்குப் பாதையாயிற்று. பட்டியல் என்ற ஒன்று இல்லாவிட்டால் ஆந்தைத்தலைக்குப் பனியில் போக எவருக்கும் புத்தி போகாது. அண்டர்ஹில் தம்பதிகள் போனார்கள்.

1960-ஆம் வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி, குளிர்காலம் பிறந்து இரண்டே நாள் ஆகியிருக்கையில், எஞ்சியிருந்த கடைசிச் சிகரமான ஜெஃபர்ஸனில் இருவரும் ஏறினார்கள். அதன் உயரம் 5,700 அடிக்குச் சற்று மேல். அந்த அட்சரேகையில் அன்றைய பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. மிரியத்துக்கு வயது 62, ராபர்ட்டுக்கு 71. பட்டாளமும் பக்கவாத்தியமும் இல்லாமல், நாற்பத்தாறு சிகரங்களையும் குளிர்காலத்தில் முடித்த முதல் மனிதர்களாக அவர்கள் கீழே இறங்கினார்கள்.

கயிற்றில் தலைமை ஒருவருக்குத்தான்; அதனால்தான் இளமையில் மிரியம் ஆண்களை விலக்க வேண்டியிருந்தது. பனிப்பாதையில் தலைமை, களைத்தவர் விலகக் களைக்காதவர் முன்வரும் ஒரு சாதாரண ஏற்பாடு; யாரும் யாரையும் விலக்கத் தேவையில்லை. இதை அவரே எங்கேனும் இவ்வாறு எழுதியிருக்கிறாரா என்று கேட்க வேண்டாம்; அவர் வாழ்க்கையை இரு பாதியாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

மிரியம் 1976 ஜனவரியில் காலமானார். ராபர்ட் 1983-இல், தொண்ணூற்று நான்காம் வயதில். சரித்திர ஆசிரியர்கள் க்ரெப்பானுக்கும் மாட்டர்ஹார்னுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, குளிர்காலப் பட்டியலுக்கு ஒரு வரி ஒதுக்குவது வழக்கமாக இருக்கிறது. இந்தப் பங்கீடு சரியன்று என்பது என் அபிப்பிராயம். ஆல்ப்ஸில் அவர் செய்தது மற்றவர்கள் வியக்கத்தக்க காரியம். பிறர் பின்பற்றி ஒரு தேசத்து மூலையின் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது, அறுபதுக்கு மேல் கணவருடன் அவர் செய்த காரியமே. மலைக்கழகம் குளிர்காலத்தில் முடிப்பவர்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. வருஷந்தோறும் அது நீண்டுகொண்டே போகிறது.